கரண்ட் போனபோது கேட்ட பாட்டு

இரண்டு வருடங்களுக்கு முன், ஆடிக் காற்று ஆளைத் தள்ளிக்கொண்டிருந்த சமயத்தில் நடந்தது இது. இராஜபாளையத்தில் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. படம் வரைந்து கொடுப்பது தொழில். என்ன படம் என்று யாராவது கேட்டால் கொஞ்சம் தயங்கித்தான் சொல்வேன். இறந்துபோனவர்களின் படம். வீட்டில் ஒருவர் தவறிவிட்டால், கல்யாண ஆல்பத்திலிருந்தோ ஆதார் அட்டையிலிருந்தோ ஒரு போட்டோவை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வருவார்கள். பதினாறாம் நாளுக்குள் அதைப் பெரிதாக, எண்ணெய் வண்ணத்தில் வரைந்து கொடுத்துவிடுவேன். வெளுத்த சட்டைக்குப் புதுச் சட்டை போட்டுவிடுவேன். ஆதார் போட்டோவில் மிரண்டுபோய் இருக்கிற மனிதரைச் சாந்தமாக உட்கார வைத்துவிடுவேன். அச்சு அசல் என்று ஊரே சொல்லிச் சொல்லி எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அப்போது ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். முப்பது வருடம் அமெரிக்காவில் இன்ஜினீயராக இருந்துவிட்டு, சொந்த ஊரில் வீடு கட்டிக் குடியேறியவர். கூடத்துச் சுவருக்கு ஆறடியில் ஒரு படம் வேண்டும் என்றார். சாமி படமா, இயற்கைக் காட்சியா என்று கேட்டேன். ஒரு பென் டிரைவை எடுத்து மேஜை மேல் வைத்தார். அந்த ஊர்க் கறுப்பின மக்கள் பாடுகிற காஸ்பல், ப்ளூஸ் பாட்டுகள் அதில் இருப்பதாகச் சொன்னார். காஸ்பல் என்றால் சர்ச்சில் பாடுவது, ப்ளூஸ் என்றால் பாடுபட்ட வலியைப் பாடுவது என்று எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். போன புதிதில், பேச ஆளில்லாமல் அறைக்குள் முடங்கிக் கிடந்த அவரைப் பக்கத்து சர்ச்சுக்காரர்கள்தான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்களாம். அவர்கள் பாடியதைக் கேட்டுத்தான் உயிர் தரித்தேன் என்று சொன்னார். போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனார்.

"ஒண்ணே ஒண்ணு. எந்தப் படத்தையும் பாத்து வரையாதீங்க. பாட்டைக் கேளுங்க. கேட்டதை வரைங்க."

கேட்டேன். மூன்று நாள் கேட்டேன். இங்கிலீஷ் எனக்கு அவ்வளவாக ஓடாது. ஒரே வரியை இரண்டு தடவை பாடுகிறார்கள், பிறகு மூன்றாவதாக ஒன்றைச் சொல்கிறார்கள். ஒருவர் முன்னால் பாட, ஒரு கூட்டம் பின்னால் பதில் சொல்கிறது. அதில் ஒரு கிழவரின் தொண்டை, துருப்பிடித்த கீல் மாதிரி கரகரத்தது. இவ்வளவு மோசமான தொண்டையை யார் உட்கார்ந்து பதிவு செய்தார்கள் என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது. நாலாம் நாள் செல்போனைத் திறந்து படங்களைத் தேடினேன். கிதார் வைத்த ஒரு தொப்பிக்காரர், மைக் முன்னால் ஒரு பெண், பின்னால் ஒரு சர்ச் ஜன்னல். பத்தே நாளில் முடித்துவிட்டேன். கிதாரின் கம்பியை எண்ணிப் பார்க்கலாம், அப்படி ஒரு வேலை.

பெரியவர் வந்து பார்த்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "படம் நல்லாத்தான் இருக்கு. பாட்டுதான் கேக்கலை" என்றார். சத்தம் போட்டிருந்தால்கூடப் பதிலுக்குப் பேசியிருப்பேன். அவர் அதை அவ்வளவு மெதுவாகச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. படத்தில் பாட்டு கேட்பதற்கு நான் என்ன ரேடியோவா செய்கிறேன் என்று அன்று வீட்டில் போய்க் குதித்தேன். என் மனைவி சோற்றைப் போட்டுக்கொண்டே, "அவிய சொன்னபடி கேட்டீயளா? செல்லைப் பாத்துத்தான வரைஞ்சீய" என்றாள்.

என் மனைவி ஒரு பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். முன்னால் பெரிய கொட்டகையில் தறிகள் ஓடும். பின்னால் துணியைச் சுருட்டிக் கட்டுகிற மேஜைகள். மறுநாள் அவள் கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டாள். கண்ணாடி இல்லாமல் அவளுக்கு ஒன்றும் ஓடாது என்பதால், அதைக் கொடுக்க நான் போனேன்.

தறிக் கொட்டகைக்குள் போயிருக்கிறவர்களுக்குத் தெரியும். உள்ளே கால் வைத்ததும் சத்தம் நெஞ்சில் வந்து மோதும். அங்கே யாரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். உதட்டசைவும் கைச் சாடையும்தான். நான் கண்ணாடிக் கூட்டைத் தூக்கிக் காட்டியபடி வாசலில் நின்றேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

அத்தனை தறியும் ஒரே மூச்சில் நின்றன. அந்த அமைதிக்குள், நடுத் தறிப் பக்கமிருந்து ஒரு குரல் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. கரண்ட் போன பிறகு தொடங்கிய பாட்டில்லை அது. பாதி வரியில் இருந்தது. அதுவரை சத்தத்துக்கு அடியில் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது, எங்களுக்குத்தான் கேட்கவில்லை.

"எம்புட்டு தூரம் ஐயா, இன்னும் எம்புட்டு தூரம்" என்று அந்தக் குரல் பாடியது. அதே வரி மறுபடியும் வந்தது. இப்போது கொட்டகையில் இருந்த அத்தனை பெண்களும், அவரவர் நின்ற இடத்திலிருந்தே கூடச் சேர்ந்தார்கள். என் மனைவியும் சேர்ந்தாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் அவள் பாடி நான் கேட்டதே இல்லை. பிறகு எல்லோரும் நிறுத்திக்கொள்ள, அந்தக் குரல் மட்டும் தனியாக மூன்றாவது வரியைச் சொன்னது. "செருப்பில்லாத காலுக்குத்தான் தெரியுமய்யா தூரம்."

மூன்று நாள் பென் டிரைவில் கேட்டுச் சலித்தது இதுதான். இரண்டு தடவை ஒரே வரி, பிறகு ஒரு பதில். ஒருவர் முன்னால், ஒரு கூட்டம் பின்னால். கடல் தாண்டி இருக்கிறவர்களுக்கும் எங்கள் ஊர்த் தறிப் பெண்களுக்கும் இதை யார் சொல்லிக்கொடுத்தது? நான் அப்படியே நின்றேன். இரண்டு நிமிடத்தில் ஜெனரேட்டர் ஓடியது, தறிகள் பாட்டை விழுங்கிவிட்டன. ஆனால் நடுத் தறியில் நின்ற அந்த அம்மாவின் உதடு அசைந்துகொண்டேதான் இருந்தது.

அவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்களாம். ஐம்பது வயது இருக்கும். குள்ளமான உருவம். ஶ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வருகிறவர். சின்னக் கிறிஸ்தவ சபை ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை பாடுகிறவர். கொட்டகையில் பாடுகிற பாட்டெல்லாம் அவராகக் கட்டியது. அன்று வீட்டுக்கு வந்ததும், அது கிறிஸ்தவப் பாட்டா என்று மனைவியிடம் கேட்டேன். "அக்கா ஐயான்னுதான் பாடுவாவ. அவியவிய சாமியை அவியவிய நெனைச்சுக்கிடுவோம்" என்றாள். கூடவே இன்னொன்றும் சொன்னாள். அக்காவின் கழுத்தில் ஒரு கட்டி. மூச்சுக் குழாயை அமுக்குகிறது, உடனே எடுத்தாக வேண்டும் என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷன். குரல் பழையபடி வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொல்லியிருக்கிறார்களாம்.

இதைக் கேட்ட பிறகும் நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆபரேஷனுக்கு முன்னாலேயே அவரை வரைந்துவிட வேண்டும் என்ற அவசரம் என்னைப் பிடித்துக்கொண்டது. மறுநாள் சாயங்காலம், மனைவியிடம்கூடச் சொல்லாமல், ஶ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன். மடவார் வளாகம் பக்கம் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். என் மனைவியின் பேரைச் சொன்னதும் அக்கா நாற்காலி போட்டு உட்கார வைத்தார். மகள் காபி கொண்டுவந்தாள். நான் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். பாட்டு, அமெரிக்காப் பெரியவர், ஆறடிப் படம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு வீட்டுக்குள் போனதும் இருபது வருடமாக என் வாயில் வருகிற வாக்கியம்தான் அன்றும் வந்தது.

"ஒங்க போட்டோ ஒண்ணு வேணும்க்கா. முகம் நேராத் தெரியணும்."

அக்கா ஒன்றும் புரியாமல் பீரோவைத் திறந்து, ஆஸ்பத்திரிக்கு என்று எடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைக் கொடுத்தார். நான் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இது போதும். மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். அதுவும் துக்க வீட்டில் சொல்கிற வாக்கியம்தான்.

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். நானும் திரும்பிப் பார்த்தேன். என் தலைக்கு மேலே, சீரியல் பல்பு சுற்றி, அக்காவின் கணவர் படம். புதுச் சட்டை, சாந்தமான முகம். கீழே வலது ஓரத்தில் என் கையெழுத்து. நாலு வருடத்துக்கு முன்பு வேறு யாரோ வந்து ஆர்டர் கொடுத்து வாங்கிப்போயிருக்கிறார்கள், எனக்கு நினைவே இல்லை.

"நீங்கதான் எங்கப்பா படம் போட்டவியளா?" என்று அந்தப் பெண் கேட்டாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அக்கா எழுந்து வந்து, என் கையிலிருந்து போட்டோவை மெதுவாக உருவிக்கொண்டார். காபி ஆறிப்போயிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எப்படி நடந்து வந்தேன் என்று தெரியாது.

மறுநாள் மனைவி வேலைவிட்டு வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. அக்கா ஆபரேஷனுக்குப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். "நான் திரும்பி வர மாட்டேன்னு ஆண்டவர் ஆள் விட்டுச் சொல்லிட்டாரு" என்றாராம். மகள் அழுதிருக்கிறாள், பாஸ்டர் வந்து பேசியிருக்கிறார், அக்கா அசையவில்லை. "ஒங்களுக்குக் கூறு இருக்கா? பாடைக்கு அளவெடுக்கிற மாதிரி போய் நின்னிருக்கீயளே" என்று கேட்டுவிட்டு என் மனைவி அழுதாள். அவள் என்னைத் திட்டியதெல்லாம் நியாயம்தான். என் தலைக்கனத்தால் ஒரு மனுஷியின் உயிரே போகப்போகிறது. ஆபரேஷனுக்கு ஆறு நாள்தான் இருந்தது.

போய் மன்னிப்புக் கேட்கலாம். ஆனால் என் முகத்தைப் பார்த்தாலே அவருக்கு அந்தப் படம்தானே நினைவு வரும். யோசித்து யோசித்து, எனக்குத் தெரிந்தது ஒரே வேலைதான் என்று கடையைத் திறந்தேன். கிதார்க்காரர் படத்தை எடுத்து ஓரமாகச் சாத்திவிட்டு, புது கான்வாஸை அடித்தேன். முதலில் என்னை வரைந்தேன். வாசலில் கண்ணாடிக் கூட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிற என்னை. அடுத்து என் மனைவியை. பிறகு முதலாளியிடம் அனுமதி கேட்டு, தினமும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கொட்டகைக்குப் போய், பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்து வரைந்தேன்.

உயிரோடு இருக்கிறவர்களை வரைந்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. போட்டோவில் இருக்கிற கண் ஒரே இடத்தைப் பார்க்கும். இவர்கள் கண்கள் நிற்கவே இல்லை. சிரித்தார்கள், மென்றார்கள், சோற்றுக் கையோடு எட்டிப் பார்த்து, "என் மூக்கைக் கொஞ்சம் சின்னதாப் போடுங்க அண்ணாச்சி" என்றார்கள். ஒரு நிமிடம் முன்னால் பார்த்த முகம் மறு நிமிடம் இல்லை. இத்தனை வருடம் அச்சு அசல் என்று நான் பெருமைப்பட்டது எவ்வளவு சுலபமான வேலை என்று அங்கே உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன். அக்கா மட்டும் எனக்கு முதுகைக் காட்டியபடி சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். நான் அவர் பக்கம் பென்சிலைத் திருப்பவே இல்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஈரம் காயாத படத்தை ஒரு லோடு ஆட்டோவில் நிற்க வைத்துப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். கரண்ட் போன அந்த நிமிடம்தான் படம். நின்றுபோன தறிகள், தூசியில் இறங்குகிற வெயில், பதினோரு பெண்கள், வாசலில் நான். எல்லோர் முகமும் நடுத் தறிப் பக்கம் திரும்பியிருந்தது. பெண்கள் அவரவரைக் கண்டுபிடித்துக் கும்மாளம் போட்டார்கள். கடைசியாக அக்கா வந்தார். எல்லோரும் வழிவிட்டார்கள்.

நடுத் தறிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு வண்ணமே படாமல் வெறும் துணியாக விட்டிருந்தேன்.

"இங்க மட்டும் என்ன வெள்ளையாக் கெடக்கு?" என்றார்.

"அது ஒங்க எடம்க்கா. செத்தவங்களுக்குப் படம் போடுறவன்தான் நான், இல்லைங்கலை. ஆனா இதுல இருக்கிற அம்புட்டு பேரும் உயிரோட இருக்கோம். முத ஆளா என்னையப் போட்டிருக்கேன் பாருங்க. ஒங்க போட்டோ எனக்கு வேண்டாம். நீங்க மதுரைக்குப் போயிட்டு வந்து என் முன்னால நின்னாத்தான் வரைவேன். இல்லைன்னா இது இப்படியேதான் கெடக்கும்."

அக்கா படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு நெஞ்சு அடித்த சத்தத்துக்குத் தறியே தேவலை.

"நான் கட்டையால்லா இருக்கேன்" என்றார் கடைசியில். "எடம் ரொம்பப் பெருசா விட்டிருக்கீய."

"வந்த பொறவு கொறைச்சுக்கிடுவோம்க்கா."

அந்த வாரம் வியாழக்கிழமை அவர் மதுரைக்குப் போனார். மகள் அழுததைப் பார்த்துப் போனாரா, அந்த வெள்ளை இடத்தைப் பார்த்துப் போனாரா, எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை. கட்டியை முழுதாக எடுத்துவிட்டார்கள், உயிருக்கு ஒன்றும் பயமில்லை என்று சேதி வந்தபோது கடையில் தனியாக உட்கார்ந்து அழுதேன். ஆனால் குரல் வரவில்லை. வெறும் காற்றுதான் வருகிறது, போகப் போகச் சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார்களாம். அமெரிக்காப் பெரியவர் போனில் கேட்டபோது, "ஒருத்தருக்காகக் காத்திருக்கேன் சார்" என்றேன். ஏன், எதற்கு என்று அவர் கேட்கவில்லை. "நானும் காத்திருக்கேன்" என்று மட்டும் சொன்னார்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா வரச் சொன்னதாக என் மனைவி என்னையும் இழுத்துக்கொண்டு ஶ்ரீவில்லிபுத்தூர் சபைக்குப் போனாள். தகரக் கூரை போட்ட சின்ன இடம். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. கொட்டகைப் பெண்கள் பாதிப்பேர் வந்திருந்தார்கள், வேதக்காரர்களான கிறிஸ்தவர்கள், மற்றவர்கள் என்று பேதமில்லாமல். பாஸ்டர் சைகை காட்ட, அக்கா எழுந்து நின்றார். சேலைத் தலைப்பு விலகி, கழுத்தில் தழும்பு தெரிந்தது.

"எம்புட்டு தூரம் ஐயா" என்று ஆரம்பித்தார். பழைய குரல் இல்லை. கரகரவென்று, பாதி காற்றாக, அடித்தொண்டையிலிருந்து வந்தது. இரண்டாவது தடவை "எம்புட்டு" என்றதோடு உடைந்து நின்றுவிட்டது. வாய் திறந்திருக்கிறது, சத்தம் இல்லை. ஒரு கணம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அதற்குள் பின்னாலிருந்த பெண்கள் விட்ட இடத்தில் அந்த வரியைப் பிடித்துக்கொண்டார்கள். அவரைவிட ஓங்கிப் பாடவில்லை. நடக்க முடியாதவரைத் தோளில் தாங்குகிற மாதிரி, அவர் சுருதியிலேயே, மெதுவாக, அந்த வரியை முடித்துக் கொடுத்தார்கள். அக்கா கண்ணை மூடி அதை முழுக்கக் கேட்டார். பிறகு மூன்றாவது வரியை அவரே சொன்னார். பாடினார் என்று சொல்ல முடியாது. பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று.

என் ஆயுளில் அதைவிடப் பெரிய பாட்டை நான் கேட்டதில்லை. பென் டிரைவில் இருந்த அந்தக் கிழவரின் துருப்பிடித்த தொண்டை நினைவுக்கு வந்தது. அவர் குரலைக் கேட்டுச் சிரித்தேனே என்று வெட்கமாக இருந்தது. உடைந்த தொண்டையை மறைக்காமல் ஒருவர் நிற்பதும், அவரை விழ விடாமல் ஒரு கூட்டம் பின்னால் நிற்பதும்தான் அந்தப் பாட்டுகள். அது அந்தத் தகரக் கூரைக்கு அடியில் எனக்குப் புரிந்தது. சாமி கும்பிடுகிற இடத்தில் எனக்குச் சாமி தெரிந்தது என்று சொன்னால் அது சும்மா வார்த்தைக்குச் சொல்வதில்லை.

அடுத்த வாரம் அக்கா கடைக்கு வந்து இரண்டு காலைப்பொழுது என் முன்னால் நின்றார். "வாயைத் தொறக்கவா, மூடவா?" என்று கேட்டார். மூடிக்கொள்ளச் சொன்னேன். இரண்டாவது வரி முடிந்து, மூன்றாவது வரி வருவதற்கு முன்னால் இருக்கிற அந்த இடைவெளியில் அவரை வரைந்தேன். இறந்தவர்களுக்கு நான் தழும்பு, மரு எதையும் போடுவதில்லை. பழக்கத்தில் கை கழுத்தைத் தாண்டப் போனபோது, "தழும்பை விட்டுறாதீய. அதுக்குத்தான அம்புட்டு பயந்தேன்" என்றார். போட்டேன். அவர் சொன்னது சரிதான், நான் விட்டிருந்த இடம் பெரிதுதான். மிச்சத்தில் வெயிலை நிரப்பினேன்.

படத்தைக் கொண்டுபோய்ப் பெரியவர் வீட்டுக் கூடத்தில் சாய்த்து வைத்தபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்தார். நேராகச் சுவருக்குப் போய், ஓடிக்கொண்டிருந்த ஃபேனை நிறுத்தினார். திரும்பி வந்து, படத்துக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் சத்தமில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

இப்போதும் போட்டோவோடு ஆட்கள் கடைக்கு வருகிறார்கள், இப்போதும் வரைந்து கொடுக்கிறேன். ஆனால் முதலில் அவர்களை உட்கார வைத்து, போனவர் எப்படிப் பேசுவார் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் தெருவில் கரண்ட் போய்ப் பக்கத்துத் தறிகள் நிற்கும்போது எல்லோரும் சலித்துக்கொள்வார்கள். நான் மட்டும் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, இத்தனை நேரம் யாரெல்லாம் நமக்குக் கேட்காமலே பாடிக்கொண்டிருந்தார்களோ என்று காதைக் கொடுத்தபடி உட்கார்ந்திருப்பேன்.